அனுப்புவதற்கு முன் ஒரு கையெழுத்து

மார்ச் 3, 2025 – திங்கள்

ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தேன். கடை என்பது பேச்சுக்குத்தான். வோபர்ன் பகுதியில் ஒரு பேக்கரிக்கு மேலே ஒற்றை அறை, மூன்று கதிரை, அடிக்கடி தாள் சிக்கும் ஒரு பிரின்ரர். கீழே ரோல்ஸ் பொரிக்கத் தொடங்கினால் மேலே இருப்பவர்களுக்கு வரிக் கணக்கிலிருந்து கவனம் போய்விடும்.

இன்று ஆறு பேர். ஒருவர் சம்பளச் சீட்டைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பாதி சீட்டு, பாதி அவருடைய கட்டைவிரல். இன்னொருவரிடம் பேஸ்மென்ட் வாடகைக்கு ரசீது இல்லை. வீட்டுக்காரர் சொந்தக்காரராம், கேட்டால் கோவிப்பாராம். மூன்றாமவரின் கணக்கை வரித் திணைக்களத்துக் கணினி இரண்டு தரம் திருப்பி அனுப்பியது. பிறந்த திகதி பொருந்தவில்லை. விசாரித்தால், “எனக்கு ரெண்டு பிறந்தநாள் தங்கச்சி. ஒண்டு அம்மா பெத்தது, மற்றது வெளிநாடு அனுப்பின ஏஜென்சிக்காரன் போட்டது” என்கிறார். அரசாங்கத்திடம் இருப்பதைச் சொல்லுங்கள் என்றேன். வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் கேட்டுச் சொன்னார்.

மூன்றாம் தரம் அனுப்பினேன், ஏற்றுக்கொண்டது. விடமாட்டேன் என்று எனக்கும் தெரியும், கணினிக்கும் தெரிந்திருக்கும்.

மார்ச் 6

வரித் திணைக்களத்திலிருந்து கடிதம். போன வருடம் நான் அனுப்பிய கணக்குகளில் இருபது பேருடைய பெயரைக் குறித்து, அந்த இருபது பேரின் ஒப்புதல் படிவங்களையும் முப்பது நாளுக்குள் அனுப்பச் சொல்கிறார்கள்.

ஒரு பக்கத் தாள் அது. ‘கணக்கைப் பார்த்தேன், சரி, அனுப்பலாம்’ என்று வாடிக்கையாளர் தன் கையால் ஒப்பமிட்டு, நாளும் நேரமும் எழுத வேண்டும். அதன் பிறகுதான் நான் பொத்தானை அழுத்தலாம். சட்டம் அவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

தாள் இல்லாவிட்டால், கணினி வழியே கணக்கு அனுப்ப எனக்குத் தந்த ஈ-ஃபைல் இலக்கத்தைப் பறிக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. இலக்கம் போனால் இந்த அறையைப் பூட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே போய்ச் சம்பளத்துக்கு நிற்க வேண்டியதுதான். ஒன்பது வருடம் நின்றது போதாதா?

மார்ச் 8 – சனி

நாள் முழுக்கக் கோப்புகளைக் கிளறினேன். இருபதில் பதினேழு இருக்கின்றன. மூன்று இல்லை. டெனிஸ்டன், தனுஷிகா, சச்சிதானந்தன் அங்கிள்.

மூவரும் போன வருடம் ஏப்ரல் முப்பதாம் திகதி, கடைசி நாள் கூட்டம். மூவரும் போனில் சொன்னது ஒன்றேதான். “நீங்கள் அனுப்புங்கோ, பிறகு வந்து சைன் வைக்கிறன்.” நானும் அனுப்பினேன். எவர் வந்தார்? எங்கள் ஆட்களுக்குக் கையெழுத்து என்றால் பெட்டிக்கடைக் கடன் மாதிரி, பிறகு தீர்த்துக்கொள்ளலாம். அவர்களைச் சொல்லிப் பயனில்லை. அழுத்தியது என் விரல்.

மார்ச் 10

ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையிடம் கேட்க வெக்ஸ்போர்ட்டுக்குப் போனேன். எனக்கு இந்தத் தொழிலைக் காட்டியவர், ஒன்பது வருடம் நான் நின்றது அவரிடம்தான். அவர் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“உதுக்கே இப்பிடி வேர்க்கிறாய்? மூண்டு பேரையும் கூப்பிட்டு, போன வருசத் திகதியைப் போட்டு வாங்கு. அரை மணித்தியால வேலை.”

அவருடைய மேசை லாச்சியில் வெற்றுப் படிவங்கள் இருக்கும். ஆட்கள் வரும்போதே மூன்று வருடத்துக்குச் சேர்த்து ஒப்பம் வாங்கிவிடுவார். நானே எத்தனை தாளை நீட்டியிருப்பேன்.

திரும்பும் வழியில் டெனிஸ்டனுக்குப் போன் பண்ணினேன். இங்கே பிறந்த பெடியன், ஊபர் ஓடுகிறான். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, “நோ ப்ரொப்ளம் அக்கா. எந்த டேற் போடோணும்? ஜஸ்ட் ரெல் மீ” என்றான். எவ்வளவு சுலபம். பொறு, பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 12

மூன்று என்று நினைத்தேன். நாலு.

மற்றப் பதினேழையும் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீக்கிலாப்பிள்ளை அங்கிளும் அவருடைய மனைவி கிளடிஸ் அன்ரியும் அந்த இருபதில் இருக்கிறார்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் ஒரே பேனா, ஒரே சாய்வு, கடைசி எழுத்தின் வால் ஒரே மாதிரி வலப்பக்கம் மடிந்திருக்கிறது.

அங்கிள் ஜனவரியில் மாரடைப்பில் போய்விட்டார். அவரைக் கேட்க முடியாது.

அங்கிளின் தாளை அப்படியே அனுப்பினால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. பேர் இருக்கிறது, நாள் இருக்கிறது, நேரம் இருக்கிறது. இருபதிலும் திறமான தாள் இதுதான்.

மார்ச் 15 – சனி

அன்ரி வீட்டுக்குப் போனேன். பிளேன்ரீ தந்தார். தாளின் பிரதியைக் காட்டி, “உது ஆர் வைச்சது அன்ரி?” என்றேன்.

“நாந்தான்.” துளித் தயக்கமும் இல்லை. “கலியாணம் முடிச்சு இஞ்சை வந்த நாள் தொட்டு நாந்தானே வைக்கிறன். பள்ளிக்கூட ரிப்போட், பாங்க், லீஸ் எல்லாம். அவர் இரவு வேலை, பகலிலை நித்திரை. ஒரு சைனுக்காண்டி மனுசனை எழுப்புறதே? அவருக்கு அவற்ர சைன் எப்பிடியெண்டு மறந்தே போச்சு.”

அதைச் சொல்லி அவரே சிரித்தார். பிறகு நான் ஏன் கேட்கிறேன் என்று விளங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“பிள்ளை, என்னைப் பிடிப்பினமோ? அவற்ர பென்சனிலை வாற காசை வெட்டிப்போடுவினமோ?”

அப்படி ஒன்றும் நடக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு உறுதியாகத் தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது? விசாரித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். கதவடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் எனக்கு என் மீதே ஆத்திரமாக வந்தது.

மார்ச் 17

திணைக்களத்துக்கு இன்றும் பதில் எழுதவில்லை. பதினொரு கணக்கு அனுப்பினேன். எல்லோரிடமும் முதலில் கையெழுத்து.

மார்ச் 19

காலையில் ஒரு வரிச் சட்டத்தரணியிடம் அரை மணித்தியாலம் காசு கட்டிக் கேட்டேன். அங்கிளின் கணக்கில் தொகைகள் எல்லாம் சரி, அதனால் அன்ரியின் பென்சனுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்றார். படிவத்தை வாங்கும் பொறுப்பு என்னுடையது, கேள்வி வந்தால் என்னிடம்தான் வரும். அங்கிருந்தே அன்ரிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். “அப்ப உனக்கு?” என்றார்.

மாலையில் வீட்டில் என் கணவர் ஜனார்த்தனோடு சண்டை. வாழ்க்கையில் ஒரு பார்க்கிங் அபராதம் கூடக் கட்டாத மனுசன். அவரே சொல்கிறார், “மூண்டைச் சொல்லு, சரி. நாலாவதை ஆர் உன்னட்டைக் கேட்டது? கேளாத கேள்விக்கு ஏன் மறுமொழி? வீட்டு மோட்கேஜ் கடனை நினைச்சனியே?”

நினைக்காமலா. படுக்கும்போதும் அதைத்தான் நினைக்கிறேன்.

ஆனால் அவருக்குச் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். போன வருடம் அந்தத் தாளை அன்ரியிடம் கொடுத்து, ‘அங்கிளிட்டை வாங்கிக்கொண்டு வாங்கோ’ என்று அனுப்பியவள் நான். அன்ரி பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். அவர்களுடைய வீடு பஸ்ஸில் இருபது நிமிடத் தூரம். கீழே பேக்கரி மேசையில் வைத்துப் போட்டிருப்பார், தாளின் மூலையில் எண்ணெய்க் கறை கூட இருக்கிறது. அப்போது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே வாங்கிக் கோப்பில் வைத்தேன், வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். அன்ரிக்குச் சட்டம் தெரியாது. எனக்குத் தெரியும். அப்போ பொய்த்தாள் யாருடையது?

ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையின் லாச்சியைப் பார்த்து முகம் சுளித்துத்தானே வெளியே வந்தேன். அவர் லாச்சியில் வைத்ததை நான் கோப்பில் வைத்திருக்கிறேன், வேறு என்ன?

எழுதுவேன். நாலையும் எழுதுவேன்.

மார்ச் 24

அனுப்பிவிட்டேன். பதினாறு படிவங்கள், ஒன்றரைப் பக்கக் கடிதம். அதில் எழுதியது இது. மூன்று பேரிடம் நான் ஒப்பம் வாங்காமல் அனுப்பினேன். நாலாவது படிவத்தில் இருப்பது வாடிக்கையாளர் என் முன்னால் இட்ட ஒப்பம் அல்ல, அது தெரிந்தும் நான் ஏற்றுக்கொண்டேன். நாலும் என் தவறு. இந்த வருடத்திலிருந்து ஒப்பமில்லாமல் ஒன்றும் போகவில்லை, வேண்டுமானால் இந்த வருடத்துத் தாள்களையும் பாருங்கள். இவ்வளவுதான். அன்ரி வைத்ததாக எழுதவில்லை. அவர்கள் கேட்டால் அப்போது சொல்வேன்.

பொத்தானை அழுத்தியதும் அதே கைதான். முந்நூறு குடும்பத்தின் கணக்கை அனுப்பிய கை.

ஏப்ரல் 2

சச்சிதானந்தன் அங்கிள் இன்று போனில், “வழமைபோலை அனுப்பிவிடும்” என்றார். நேரே வாருங்கள், அல்லது மின்-கையெழுத்துக்கு லிங்க் அனுப்புகிறேன், உங்கள் கையால் அழுத்துங்கள் என்றேன்.

“என்னிலை நம்பிக்கை இல்லையே உமக்கு?”

“என்னிலைதான் நம்பிக்கை இல்லை அங்கிள்.”

வெக்ஸ்போர்ட்டில் ஸ்ரீஸ்கந்தராசா ஆட்கள் தாள் தாள் என்று கரைச்சல் படுத்த மாட்டினம் என்று சொல்லிவிட்டு வைத்தார். இந்தக் கிழமையில் விட்டுப் போகும் எட்டாவது ஆள் அவர். போகட்டும்.

ஏப்ரல் 12 – சனி

மனைவிமார் கணவன்மாரின் தாளையும் எடுக்கக் கை நீட்டுகிறார்கள். எல்லோரும். இத்தனை வருடமும் என் கண் எங்கே இருந்தது? “அவர் வேலையிலை, நான் வைச்சுவிடுறன்” என்கிறார்கள். இல்லை, அவர் வரட்டும். ஒருவர் வேலை உடுப்போடு லொறியைக் கீழே நிறுத்திவிட்டு ஓடிவந்து வைத்துவிட்டுப் போனார். தன் கணக்கில் என்ன இருக்கிறது என்று முதல் தரம் பார்த்தாராம். “இவ்வளவு வரி பிடிக்கிறாங்களே” என்று கதிரையில் இருந்துவிட்டார்.

ஜனார்த்தனுக்கும் தாள் நீட்டினேன். “வீட்டுக்காரனுக்குமோ?” என்றார். நேரமும் எழுதுங்கோ என்றேன். சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நிமிடம் வரை எழுதினார். கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

ஏப்ரல் 16

பதில் இல்லை. ஒவ்வொரு காலையும் இலக்கம் வேலை செய்கிறதா என்று பயந்து பயந்து உள்ளே போகிறேன். வேலை செய்கிறது.

ஏப்ரல் 30 – புதன்

ஐம்பத்திரண்டு கணக்கு. ஐம்பத்திரண்டு தாள். கடைசியாக டெனிஸ்டன் காரிலிருந்து லிங்கை அழுத்தினான். “ஹாப்பி நவ், அக்கா?” ஓம் என்றேன். பொய்யில்லை.

மே 27

கடிதம் வந்தது. உறையைக் கிழிக்காமல் கொஞ்ச நேரம் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேக்கரிப் பெடியன் ரீ கொண்டுவந்துவிட்டுப் போன பிறகுதான் கிழித்தேன்.

எச்சரிக்கை. நாலு தவறுகளும் பதியப்பட்டிருக்கின்றன. அடுத்த வருடம் மறுபடி பார்ப்பார்கள், அப்போது ஒன்று குறைந்தாலும் இலக்கம் போகும். இப்போதைக்கு இலக்கம் என்னிடமே. அன்ரியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அழுதேன். சொல்ல வெட்கமில்லை. அறுபத்தொரு குடும்பங்கள் இந்த வருடம் வரவில்லை. குளிர்காலத்துக்கு வேறு ஏதாவது வேலை தேட வேண்டும், தேடுவேன். ஜனார்த்தனுக்குப் போன் எடுத்தேன். “பாப்பம், வாற வருசமும் வந்து பாக்கட்டும்” என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் போதும்.

ஜூன் 12

கிளடிஸ் அன்ரி வந்தார், அங்கிளின் கணக்குக்காக. இறந்தவர்களுக்குக் கூடுதல் அவகாசம் இருப்பதால் அவசரமில்லை என்று ஆறுதலாக விட்டிருந்தோம். நாற்பது நாள் பூசை, நினைவுக் கல் எல்லாம் முடித்துவிட்டு வந்திருக்கிறார். கணக்கை வரி வரியாகக் காட்டினேன். முன்னெல்லாம் தலையாட்டுவார். இன்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

பிறகு தாளை நீட்டினேன். “அன்ரி, இதிலை உங்கடை பேரிலை வையுங்கோ. இனி அங்கிளுக்காக நீங்கள்தான் பொறுப்பு. சட்டப்படி.”

“சட்டப்படியோ” என்றார். பேனையை எடுத்தார். கை தன்பாட்டில் ஓடிற்று. அங்கிளின் பெயரை முழுக்க எழுதி, கடைசி எழுத்தின் வாலையும் மடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“பழக்கதோசம் பிள்ளை.”

பரவாயில்லை என்று இன்னொரு தாளை அச்சடித்தேன். பிரின்ரர் சிக்கி, திரும்பவும் அச்சடித்தேன். இந்தத் தரம் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரை எழுதினார். நாள். நேரம், மூன்று பத்து. நான் அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் ஏற்றுக்கொண்டதாக வந்தது.

முடிந்தது என்று சொன்ன பிறகும் அவர் எழும்பவில்லை. பிழையான தாளைக் கிழிக்க எடுத்தேன்.

“உதைக் கிழியாதை” என்றார். “இனி என்னட்டை அவற்ர சைன் எங்கையும் கேக்க மாட்டினம். கடைசி அதுதான். எனக்குத் தா.”

தாளில் இருந்த அங்கிளின் சமூகக் காப்புறுதி இலக்கத்தைக் கறுப்புப் பேனையால் அடித்துவிட்டு, மடித்துக் கொடுத்தேன்.