இரண்டு தோப்பு, ஒரே பெட்டி

பத்தமடை

அன்பு மகள் அஸ்ஃபியாவுக்கு உம்மாவின் ஸலாமும் முத்தமும். அல்லாஹ் கிருபையால் நானும் வாப்பாவும் சுகமாக இருக்கிறோம், வாப்பாவின் வலது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனக்குச் சுகமில்லை என்கிறது. அந்தக் குளிர் நாட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாய் என்று நம்புகிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்த்துக்கொள்கிறோம், பிறகு எதற்கு இந்தக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் நான் ஒரு விஷயத்தைத் தொடங்கினால் நீயே அதை முடித்து, பதிலும் சொல்லிவிட்டு, மீட்டிங் என்று போய்விடுகிறாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா. உன் மாமா மகன் ஆரிப் லீவு முடிந்து ராட்டர்டாம் திரும்புகிறான், அவன் கையில் இதையும் ஒரு சின்னப் பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைப் படித்து முடித்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.

உங்கள் சாக்லேட் கம்பெனியிலிருந்து விஜயஸ்ரீ என்ற பெண் நம் தென்னந்தோப்பில் ஊடுபயிராக நிற்கும் கொக்கோவைப் பார்க்க வந்தாள். பெற்ற தாயின் தோப்பை மகளே சோதிப்பது முறையல்ல என்று நீதான் வேறு ஆளை அனுப்பச் சொன்னாயாம், அது நியாயம். ஆனால் வருகிற பெண் நம் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் இடியாப்பமும் கறியானமும் செய்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், அவள் தன் பாட்டிலில் இருந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, எதுவும் வாங்கக் கூடாதும்மா, ரூல்ஸ் என்கிறாள். வீட்டுக்கு வந்த பிள்ளை வெறும் வயிற்றோடு நிற்க, வாப்பா அவள் பங்கையும் சேர்த்துக் கூச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தார். பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. கொக்கோக் காயை உடைத்து விதைமேல் இருக்கும் வெள்ளைச் சதையைச் சப்பிப் பார்ப்பது உன் வேலையில் சேருமா என்று அவளிடமே கேட்டேன். தரம் பார்க்க ருசிக்கலாம் என்றாள். அப்புறம் அவள் தரம் பார்த்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே, பசித்த பிள்ளை, பாவம். தோப்பில் சிறுபிள்ளைகள் யாராவது வேலை செய்கிறார்களா என்று கேட்டாள். என் மகள் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்கத் தான் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைத்ததில்லை, அதைக் குறித்துக்கொள் என்றேன். கூலி இல்லாமல் வேலை பார்ப்பவர்கள் உண்டா என்றதற்கு வாப்பா, அணிலுவ மட்டும்தாம்மா, காயை ஓட்டை போட்டுட்டுப் போயிடுது, அதுவளுக்கு யாரு கூலி கொடுக்கா என்றார். அந்தப் பெண் சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, நான் வாயைத் திறக்கும்வரை. உடைத்த விதையைப் பலகைப் பெட்டியில் கொட்டி வாழையிலை போட்டு மூடினால் தானாகவே சூடேறிப் புளித்து வாசனை பிடிக்கும் என்பது உனக்குத் தெரியும், அதைப் படித்துத்தான் பட்டம் வாங்கினாய். பெட்டி நிறையாவிட்டால் சூடு வராது என்பதும் தெரிந்திருக்கும். தெரியாதது ஒன்று உண்டு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முன்பு தையல் கடை வைத்திருந்த ஸ்வீட்லின் இருக்கிறாளே, அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று மிஞ்சியது வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தென்னையும் அதற்கடியில் கொஞ்சம் கொக்கோவும்தான். அவள் காய் மட்டும் ஒரு பெட்டிக்குக் காணாது. அதனால் இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் காய் உடைப்போம், அவள் வாளியோடு வருவாள், என் பெட்டியிலேயே கொட்டுவோம், காய்ந்த பிறகு அளந்து பிரித்துக்கொள்வோம். விஜயஸ்ரீ பெட்டியைத் திறந்து மோந்து பார்த்து, நல்ல மணம், எல்லாம் உங்க தோப்பு விதைதானே என்றாள். எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. பாதி ஸ்வீட்லினோடது, இந்த மணமே அவ மரத்து மணம்தான் என்று சொல்லிவிட்டேன். பின்னால் நின்ற வாப்பா இருமினார். நான் அவருக்குச் சுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். விஜயஸ்ரீயின் முகம் வாடிப்போனது. மூட்டையில் எழுதும் தோப்பின் விதையைத் தவிர வேறு எதுவும் அதற்குள் இருக்கக் கூடாதாம், இருந்தால் மூட்டையே கம்பெனிக்குப் போகாதாம், அடுத்த முறை தனியாகப் போடுங்கள் என்றாள். யாரம்மா இப்படி ஒரு விதி எழுதியது என்று கேட்டேன். அஸ்ஃபியா மேடம்தான் என்றாள். வாப்பாவுக்கு அந்த நேரத்தில் இருமல் சுத்தமாக நின்றுவிட்டது.

நீ ஏன் எழுதினாய் என்று எனக்குத் தெரியும். எங்கேயோ காட்டை அழித்து, சின்னப் பிள்ளைகள் கையில் வெட்டுக்கத்தியைக் கொடுத்து விளைவித்த விதையை, நல்ல தோப்பின் மூட்டையில் கலந்து விற்கிறார்கள், அதில் நஷ்டப்படுவது நேர்மையான சின்ன விவசாயிதான் என்று சொல்லி நீ அழுத நாள் எனக்கு மறக்கவில்லை. விதி நல்லதுதான் என்று நானும் கட்டுப்பட்டேன். ஸ்வீட்லினிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, சேதி எப்படியோ அவள் காதுக்குப் போய், அவளே வந்து, அக்கா, எனக்காவ உங்க மூட்டை நிக்க வேண்டாம், நான் என் விதையைப் பைய ஒரு பானையில போட்டுப் பாக்கேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அடுத்த உடைப்பில் அவளுடையது அவள் வீட்டில், என்னுடையது என் பெட்டியில். இந்த முறை அணில் புண்ணியத்தில் எனக்கும் காய் குறைவு. மறுநாள் இலையை விலக்கிக் கையை விட்டுப் பார்த்தால் பெட்டி ஜில்லென்று இருக்கிறது. அதற்கும் மறுநாள் அப்படியே. வாப்பா தன் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்திப் பார்த்தார், கொக்கோவுக்குக் குளிர் ஜுரம் வந்தது போல இருந்தது அந்தக் காட்சி. வாய்க்காலைத் தாண்டிப் போய்ப் பார்த்தால் ஸ்வீட்லினின் பானையும் அதே கதை, மேலே பூசணம் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. அவள் பானையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூசணம் பிடித்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியை நானே என் இடுப்பில் தூக்கிவந்தேன். வாப்பா வாசலில் நின்று, ஏளா, மவ எழுதுன சட்டத்தை உம்மாவே மீறுதாளேன்னு அங்கன அவளைக் கேக்க மாட்டாவளா என்றார். சட்டத்துக்குக் கை கால் இருந்தா அது வந்து இந்தப் பெட்டியைச் சூடாக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கொட்டினேன். காலையில் இலையை விலக்கினால் ஆவி முகத்தில் அடிக்கிறது. ஸ்வீட்லின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், ஆவிதான் என்றாள்.

இப்போது விதை காய்ந்துவிட்டது. விஜயஸ்ரீக்குப் போன் போட்டு, பழையபடி கலந்துதான் போட்டோம் என்று நானே சொல்லிவிட்டேன், பொய் சொல்லி உன் வேலைக்கு இழுக்கு தேட மாட்டேன். தன் கையில் எதுவும் இல்லை, விதியை மாற்றினால் ஸ்வீட்லின் தோப்பையும் வந்து பார்த்து, இரண்டு பெயரும் போட்டு எடுத்துக்கொள்ளலாம், மாற்றாவிட்டால் இந்த மூட்டை போகாது என்றாள், அவளுக்கும் வருத்தம்தான். மூட்டை போகாவிட்டாலும் எனக்கு வாப்பாவின் பென்ஷன் இருக்கிறது. ஸ்வீட்லினுக்கு இந்த மூட்டைதான் இருக்கிறது. சின்ன விவசாயிக்காக நீங்கள் எழுதிய விதி, இருப்பதிலேயே சின்ன விவசாயியை முதலில் வெளியே தள்ளுகிறது, அது உன் கண்ணில் படாமல் போனதற்கு நான் உன்னைத் திட்டவில்லை, அங்கிருந்து பார்த்தால் வாய்க்கால் தெரியாது. ஆனால் நீயாக எதையும் மாற்றாதே. இந்தக் கடிதத்தை உன் மேலதிகாரியிடம், இது என் உம்மாவின் தோப்பு என்று சொல்லியே கொடு, வேறு யாராவது முடிவு செய்யட்டும்.

இனி பொட்டலத்தைப் பிரிக்கலாம். அதில் ஒரு கைப்பிடி விதை இருக்கிறது. உங்கள் ஆபீஸில் எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, எது என் தோப்பு, எது ஸ்வீட்லின் தோப்பு என்று பிரித்து வையுங்கள். பிரித்துவிட்டால் அந்த விதிக்கு நான் முழுமனதாகக் கட்டுப்படுகிறேன். முடியாவிட்டால் மூட்டையில் இரண்டு பெயரையும் எழுதச் சொல்.

உன் உடம்புக்கும் ஈமானுக்கும் வேலைக்கும் அல்லாஹ் காவலாக இருப்பானாக. தலைக்கு எண்ணெய் வை. குடித்த டம்ளரை அங்கேயாவது நீயே கழுவு.

இப்படிக்கு,
உன் உம்மா மைதீன் பாத்திமா
ஸ்வீட்லின்

(இவளையும் கையெழுத்துப் போட வைத்தேன். இங்கிருந்து இனி எது வந்தாலும் இரண்டு பெயரில்தான் வரும்.)