மான்பாதையில் நட்ட கண்ணாடிகள்

22 ஜூன் 2041, சனி, 09:10
வட நார்வே. சூரியக் கண்ணாடிக் களம். கோபுரத்தின் அடி அறை.

பேசாமல் இருந்தது போதும். வெயிலைக் கோபுர உச்சியில் குவிக்க இங்குள்ள பன்னிரண்டாயிரம் கண்ணாடிகளைத் திருப்பும் புரோகிராம் நான் எழுதியது. என் இயக்குநர் டாக்டர் தணிகாசலம் தன் பெயரில் வெளியிட்டு, இந்த நாட்டுக்கும் கொடுத்தார். பிறகு அதைக் கற்றுவர என்னையே அனுப்பினார். உத்தரவில் கூடுதலாக ஒரு வரி: உள்ளூர்ப் பண்பாட்டையும் அறிந்து வரவும்.
அறை வெப்பம் 22. கருவிகள் சரி.

11:35
பண்பாடு: ரிஸ்தென் இங்கே தொழில்நுட்பர், இந்த மண்ணின் பழங்குடியான சாமி இனப் பெண். குடும்பம் துருவமான் வளர்க்கிறது. எத்தனை மான் என்று முதல் நாளே கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொத்துக் கணக்கைக் கேட்பதுபோல, இங்கே அது கேட்கக் கூடாத கேள்வியாம்.
மான்கள் கடந்து போகக் களத்தில் ஒரு பட்டை காலியாக இருந்தது. வீண் இடம் என்று அறிக்கை எழுதினேன். மே மாதம் அங்கும் கண்ணாடி நட்டார்கள். என் பேச்சு எடுபட்டது அந்த ஒருமுறைதான்.

12:20
மேகம் ஒன்று கடந்தது. கண்ணாடிகள் உச்சிக்குப் பதிலாகக் கோபுரத்தின் அடிக்குத் திரும்பிவிட்டன. கதவுக்கு வெளியே வெள்ளை நெருப்பு. நிறுத்தும் சுவிட்சும் கட்டளைக் கம்பிகளும் வெளிச்சுவரில் இருந்தன, உருகிவிட்டன. ஒவ்வொரு கண்ணாடிக்கும் தனி பேட்டரி. மின்சாரத்தை வெட்டியும் பயனில்லை.
அறை 33.

13:05
ரேடியோவில் ரிஸ்தென். மொழிபெயர்ப்புக் கருவி என் பேச்சில் பழகியது. அதனால் அவர் நெல்லைத் தமிழில் வருகிறார்.
"டாக்டரே, உயிரோட இருக்கீரா?"
"இருக்கேன். பொழுது சாயுற வரைக்கும் தாங்கிருவேன்."
"இங்க ஜூலை கடைசி வரைக்கும் பொழுது சாயாதுவே. படிச்ச மனுசன்தான நீரு? உம்ம கதவைச் சுடுறது எது தெரியுமா? எங்க மான்பாதையில நீரு நடச் சொன்ன கண்ணாடிதான்."

14:50
ரிஸ்தெனும் தம்பிகளும் அந்தக் கண்ணாடிகளுக்குப் பின்பக்கமாகப் போய், கூடாரத் துணியால் ஒவ்வொன்றாக மூடுகிறார்கள். கதவைப் பார்த்து நிற்பவை இவை மட்டும்தான், மொத்தம் நானூற்று முப்பது; மற்றப் பக்கங்களில் தடித்த கான்கிரீட் சுவர்.
அறை 41.

16:30
மறைக்க இனி எதுவும் இல்லை. இந்தக் கோளாறு எனக்கு இரண்டு ஆண்டுகளாகத் தெரியும். மேகம் விலகும்போது எப்போதாவது புரோகிராம் உச்சியையும் அடியையும் மாற்றிக்கொள்ளும். ஒரு வரியைத் திருத்தினால் போதும். தணிகாசலம் ஊரறிய அவமானப்படட்டும் என்று சொல்லாமல் இருந்தேன். யார் எரிவார்கள் என்று யோசிக்கவில்லை.
திங்கள் காலை பத்து மணிக்குத் திருநெல்வேலிக் களத்தில் இதே புரோகிராம் ஓடத் தொடங்கும். அங்கே கோபுரத்தடியைச் சுற்றிக் கண்ணாடி துடைக்க அறுபது பெண்கள். இது பருவமேகக் காலம்.
அறை 48.

17:00
கோளாறைச் சொல்லி, திங்கள் ஓட்டத்தை நிறுத்தும்படி தணிகாசலத்துக்குச் செய்தி அனுப்பினேன். பதில்: "இன்னும் பொறாமை அடங்கலையாப்பா உனக்கு? ரெஸ்ட் எடு."

17:40
ரிஸ்தென்: "நூத்தி எழுபது மூடியாச்சு. பேசிக்கிட்டே இரும்."
"இன்னும் எத்தனை?"
"அந்தக் கேள்விய நீரு விடவே மாட்டீரா?"
சிரித்தேன். உதடு வெடித்தது.

18:15
அறை 56. தண்ணீர் தீர்ந்தது. திரை மங்குகிறது. இதே வேகத்தில் மூடினால் இன்னும் நான்கு மணி நேரம். அவ்வளவு நேரம் என்னிடம் இல்லை.
இந்தக் குறிப்பைப் பொறியாளர்களின் பொதுத்தளத்தில் போடுகிறேன். திருத்த வேண்டிய வரி 2214. அதுவரை களத்துக்குள் யாரையும் விடாதீர்கள்.
பெயர் போட்டால் பழைய பகை என்று ஒதுக்கிவிடுவார்கள். புரோகிராமில் என் பெயர் இல்லை. இதிலும் வேண்டாம்