ஏழாம் பிரஸ்ஸின் கண்

திருமழிசை
6-6-2025

நிவேதிதா அக்காவுக்கு,

மிஷின் டேப்லெட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் எண்ணெய்க் கறை இருக்கிறது, அக்கா. ‘சரிபார்த்தேன்’ என்கிற பச்சைப் பொத்தான் மேல். மிஷினின் பழுது, ஆபத்து பற்றிய குறிப்பைத் திறந்து படிக்கிற இடத்தில் கண்ணாடி புதுசு போலப் பளபளக்கிறது. தகடு அடிக்கிற பிரஸ் ஓட்டுகிற எல்லோருக்கும் எண்ணெய்க் கைதான். படித்திருந்தால் அங்கேயும் கறை பட்டிருக்கும்.

நீங்கள் நலமா? நீங்கள் டேப்பை மாட்டிவிட்டு அம்பத்தூர் திரும்பிய பிறகு, எந்த லைனில் பச்சை அதிகமோ அந்த லைனுக்குச் சனிக்கிழமை பிரியாணி என்று மேனேஜர் திருமுருகன் சார் சொல்லிவிட்டார். பிரஸ்ஸுக்கு டை என்கிற இரும்பு அச்சு மாட்டுகிற டில்லிபாபு அண்ணன் ஒவ்வொரு மிஷினாக வந்து, “தட்டும்மா, தட்னா கையி இன்னா தேஞ்சா பூடும்?” என்கிறார். எல்லோரும் தட்டுகிறார்கள்.

சாமுண்டீஸ்வரி அக்கா மட்டும் படிக்கிறாள். கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, கடைசி வரி வரை. குறிப்பைப் படிக்காமல் மிஷினில் கை விடாதே என்று நீங்கள் எனக்குச் சொன்னதை அப்படியே அவளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். “கலெக்டரம்மா படிக்கிறாங்க, எல்லாம் ஒதுங்குங்கடீ” என்று சாவித்திரி அக்கா கிண்டல் செய்கிறாள்.

விஷயம் இதுதான். ஏழாம் பிரஸ்ஸின் கண்ணைக் கட்டிவிட்டார்கள். கை உள்ளே போனால் மிஷினை நிறுத்துகிற ஒளித்திரையை நாங்கள் கண் என்போம். கோட்டு நுனி பட்டாலும் நின்றுவிடுகிறது, உற்பத்தி குறைகிறது என்று சார் சொல்ல, டில்லிபாபு அண்ணன் ஒயரை மாற்றிப் போட்டார். விளக்கு எரிகிறது, ஆனால் பார்ப்பதில்லை. துடைப்பக் குச்சியை நீட்டிப் பார்த்தேன். இரண்டாகத் துண்டித்துவிட்டது.

இதை டேப்பில் எழுதலாமா? எழுதுகிறவர் பெயர் வராது, யாரையும் தண்டிக்க மாட்டோம் என்றீர்கள். எனக்கு எதிரில் நின்று பேச வராது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கே, எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்வார்கள் என்கிற பயம் பாதிக் காரணம். அதனால்தான் நீங்கள் விலாசம் எழுதிக் கொடுத்த உறையில் இதைப் போட்டு, ஆபீஸ் தபால் பையில் சேர்த்திருக்கிறேன்.

பெயர் போடவில்லை. யாரென்று உங்களுக்குத் தெரியும்.


அம்பத்தூர்
10-6-2025

அன்புள்ள கனிமொழிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் திருமழிசைக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. கேன்டீன் டீ இன்னும் அப்படியே வெந்நீர்தானா?

எழுது. தைரியமாக எழுது. ஆவடி பிளாண்டில் ஒருவருக்குத் தெரிந்தது உங்கள் பிளாண்டுக்குத் தெரியாமல் போவதால்தான் ஒரே விபத்து இரண்டு இடத்தில் நடக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கருவியையே செய்தோம். குறிப்பு சிவப்பாகவே நிற்கும். பழுதைச் சரிசெய்த பிறகுதான் பச்சையாகும். உன் பெயர் எங்கும் வராது. எழுதியதற்காக யார் மேலும் கை வைக்கக் கூடாது என்று இங்கே எங்கள் மேலதிகாரி ஞானசேகரன் சார் எல்லா மேனேஜர்களிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

இதை நம்பாவிட்டாலும் என்னை நம்பு.

உன் அக்கா,
நிவேதிதா


திருமழிசை
14-6-2025

நிவேதிதா அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். வலது கண் வீங்கி மூடிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் சொன்னபடி பெயர் வரவில்லை. ‘ஏழாம் பிரஸ், காலை ஷிப்ட்’ என்று மட்டும் வந்தது. காலை ஷிப்டில் ஏழில் நிற்பது நான் ஒருத்திதான், அக்கா.

அம்பத்தூரிலிருந்து சாருக்குப் போன் வந்ததாம். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் டில்லிபாபு அண்ணனைச் சட்டையைப் பிடித்து எழுப்பி அறைந்தார். “ஒயர மாத்தச் சொல்லி எவன்டா உனக்குச் சொன்னது?” என்று கேட்டுக் கேட்டு அறைந்தார். சொன்னதே அவர்தான். அண்ணன் தட்டைக் கழுவி வைத்தார். சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏழுக்கு வந்தார்.

முதல் அடி டேப்பில் விழுந்தது. கண்ணாடி என் கழுத்தெல்லாம் தெறித்தது. “வாயத் தொறக்காத ஊமக் கோட்டான், நீ எய்தி உட்டுருவியா? எம்மூஞ்சில அடி வாங்கி உடுவியா?” என்றார். என் பின்னலைக் கையில் சுற்றி முகத்தை மிஷின் மேஜையில் மோதினார். நிறுத்தவில்லை. மோதிக்கொண்டே இருந்தார். இரும்பு சூடாக இருந்தது, பிறகு ஈரமாக இருந்தது.

“உடுடா பாவி, பொண்ணுடா அது!” என்று சாவித்திரி அக்கா நடுவில் பாய்ந்தாள். முழங்கையால் அவள் வாயிலேயே இடித்தார். பல் ஒன்று என் காலடியில் விழுந்தது. எட்டும் ஒன்பதும் நிற்காமல் தகடு அடித்துக்கொண்டே இருந்தன. ஒருவரும் வரவில்லை.

நாங்கள் இருவரும் எண்ணெயில் வழுக்கி விழுந்தோம் என்று ஆபீசில் எழுதிக்கொண்டார்கள். அண்ணன் வேலையில்தான் இருக்கிறார். ஏழாம் பிரஸ்ஸின் கண்ணும் கட்டியபடிதான் இருக்கிறது. என்னை வேறு மிஷினுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஒன்று மட்டும் நடந்தது. புது டேப் மாட்டியதும் அதிலும் என் குறிப்பு சிவப்பாகவே வந்தது. அதைப் பார்த்த சாமுண்டி அக்கா, “செவப்பு கீதே சார், ஏழுக்கு நான் வர்ல” என்று சார் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அவர் கத்தினார். அவள் அசையவில்லை. வீக்கத்தோடு எனக்குச் சிரிப்பு வந்தது.

உங்கள் தங்கை


அம்பத்தூர்
17-6-2025

என் கனிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

டில்லிபாபு மேலும் திருமுருகன் மேலும் நடவடிக்கை எடுக்கச் சொல்லி ஞானசேகரன் சாரிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஏழின் கண்ணை உடனே சரிசெய்யச் சொல்லி மெயில் அனுப்பியிருக்கிறேன். அதுவரை நீதான் எனக்கு முக்கியம். அந்தக் குறிப்பு கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை அவர்கள் உன்னை விடமாட்டார்கள். அதனால் இன்று சாயங்காலம் நானே அதை எடுத்துவிட்டேன். இனி உன்னைக் காட்டிக்கொடுக்க அதில் எதுவும் இல்லை.

கொஞ்ச நாள் எதுவும் எழுதாதே. கண்ணுக்கு ஒழுங்காக மருந்து போடு.

உன் அக்கா,
நிவேதிதா


திருமழிசை
21-6-2025

நிவேதிதா மேடம்,

உங்கள் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. புதன்கிழமையே நடந்துவிட்டது.

புதன் காலை ஏழாம் பிரஸ் டேப்பில் பச்சையாக இருந்தது. சாமுண்டி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு திறந்து, கடைசி வரி வரை படித்தாள். குறிப்பு இல்லை. “கண்ண ரெடி பண்ட்டானுங்க போல கீது, கனி” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். பச்சைதான். தலையாட்டினேன்.

ஒட்டிக்கொண்ட தகட்டை எடுக்கக் கை விட்டாள். பிரஸ் இறங்கியது. தகடு மடிகிற அதே சத்தம்தான் கேட்டது, வேறு சத்தம் இல்லை. அவள் மிஷினோடு சேர்ந்து நின்றுகொண்டிருந்தாள். டில்லிபாபு அண்ணன்தான் ஓடிவந்து டையைத் தூக்கினார். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். மற்றது என்னவென்று சொல்ல முடியாமல் தகட்டோடு போயிருந்தது. அவளை மடியில் போட்டுக்கொண்டு மணிக்கட்டை என் துப்பட்டாவால் இறுக்கிப் பிடித்திருந்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் என்னிடம் ஒன்றையே கேட்டாள். “பச்சையாத்தானே கனி இருந்துச்சு?”

என் மேல் உள்ள பிரியத்தில்தான் எடுத்தீர்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிவப்புக்காகத்தான் நான் அடி வாங்கினேன், மேடம். அதை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துவிட்டீர்கள். எல்லோரும் படிக்காமல் தட்டினார்கள். அவர்கள் கையெல்லாம் நன்றாக இருக்கிறது. உங்களை நம்பிப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

நீங்கள் கொடுத்த உறைகளில் மீதியை இதோடு வைத்திருக்கிறேன். இதை ஆபீஸ் பையில் போடாமல் போஸ்ட் ஆபீசில் ஸ்டாம்ப் ஒட்டிப் போடுகிறேன்.

இன்று காலை ஏழாம் பிரஸ்ஸைக் கழுவி ஓட்ட ஆரம்பித்தார்கள். துடைப்பக் குச்சியை நீட்டிப் பார்த்தேன். மறுபடியும் துண்டித்தது. சார் சாவித்திரி அக்காவை ஏழுக்குப் போகச் சொன்னார். டைக்கு அடையாளம் போடுகிற மஞ்சள் பெயின்ட் டப்பாவை எடுத்துவந்து, கை விடுகிற வாய்க்கு மேலே மிஷின் உடம்பிலேயே எழுதினேன். ‘கண் பார்க்காது. கை விடாதீர்கள்.’

டில்லிபாபு அண்ணன் சுத்தியலோடு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“இன்னாடி, பேரு போடலியா? தில்லு கீதா?”

பிரஷ்ஷை மறுபடியும் பெயின்டில் தோய்த்து, பெயரையும் எழுதினேன்.

பச்சையப்பன் மகள் கனிமொழி