மாடி ஹாலில் எனக்கும் ஒரு நாற்காலி

மாப்ளே,

கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். தாளில் கோடு இருக்கிறது. ஆனாலும் எழுத்து மேடேறிப் பள்ளத்தில் இறங்குகிறது. ஒரு வரி முடிவதற்குள் விரல் மரத்துப்போகிறது. இருந்தாலும் நிறுத்த மனமில்லை. நான் எழுதும் முதல் கடிதம் இது. அதுவும் நீ போய்ச் சேர்ந்த பிறகு.

நம் பம்ப் கம்பெனியின் மாடி ஹாலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஆமாம், அதே ஏசி ஹால். இப்போது வாட்ச்மேனாகக் கேட்டில் நிற்கும் எனக்கும் பேக்கிங் ஆட்களுக்கும் இங்கே எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள். இன்று டீச்சர் மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் உன் சட்டையில் அடிக்கும் வாசனை அது.

ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். உனக்குப் படிக்கத் தெரியும் என்று சனிக்கிழமைதோறும் சூப்பர்வைசர் பயிற்சிக்கு இந்த ஹாலுக்கு அனுப்பினார்கள். நான் கீழே டிராலி தள்ளினேன். கண்ணாடி வழியே உன் பின்னந்தலை மட்டும் தெரியும். அந்தத் தலை குளிர்காற்றில் கிரீம் பிஸ்கட் தின்கிறது என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரியும்.

சாயங்காலம் போத்தனூர் பேக்கரியில் அன்றைய பாடத்தை என்னிடம்தான் ஒத்திகை பார்ப்பாய். நான் தாமதமாக வந்த தொழிலாளி, நீ சூப்பர்வைசர். தொழிலாளியைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் சொல்வதைக் கடைசி வரை கேட்க வேண்டும். அதுதான் பாடம்.

"பஸ்ஸு வரலீங்க," என்பேன்.

"அதெப்படி வராம போகும்? நா வந்தனே."

"கேக்கறேன்னு சொல்லிப்போட்டு நீயே பேசறயே மாப்ளே."

"செரி, சொல்லு. ஆனா பஸ்ஸு வந்துச்சு."

ஒரு நாள்கூட நீ என்னை முழுசாகப் பேசவிட்டதில்லை.

நீ சூப்பர்வைசர் ஆன பிறகு மல்லிகா விஷயம் வந்தது. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவில் அந்த அம்மணி ஒயரை மாற்றி இணைத்ததில், டெஸ்டிங்கில் மோட்டார் புகைந்துவிட்டது. மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்த வந்தார். நீ அவரை நிறுத்திவிட்டு மல்லிகாவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனாய். "சொல்லுங்க அம்மணி, கேக்கறேன்," என்றாய். அவர் அழுது முடித்து, மேசைக்கு மேலே லைட் எரியாததால் ஒயரின் நிறம் தெரியவில்லை என்று சொல்லும் வரை நீ வாயே திறக்கவில்லை. அன்றே லைட்டை மாற்ற வைத்தாய். கம்பெனியே உன்னைப் புகழ்ந்தது. டிராலியோடு நின்ற எனக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"அவங்க பேசுனா வாயப் பொத்திக்கிட்டுக் கேக்கறே. நா தொறந்தா மட்டும் குறுக்க வாரே," என்று அன்று பேக்கரியில் கேட்டேன்.

"அவங்க எங்கிட்ட வேலை பாக்கறவங்க. நீ அப்படியா? டீ ஆறுது, குடி," என்றாய். அப்போதும் என் பதிலுக்கு நீ காத்திருக்கவில்லை.

போன வாரம் புது சூப்பர்வைசர்களுக்கு இங்கே பயிற்சி. தாமதமாக வந்த தொழிலாளியாக நடிக்க ஆள் வேண்டுமென்று என்னைக் கேட்டில் இருந்து கூப்பிட்டார்கள். எனக்கும் நாற்காலி போட்டார்கள், கிரீம் பிஸ்கட் கொடுத்தார்கள். எதிரே ஒரு சின்னப் பெண். பஸ் வரவில்லை என்று ஆரம்பித்தேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கோ, "பஸ்ஸு வந்துச்சு" என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

மல்லிகா மேல் எனக்கு இன்னும் பொறாமைதான், மாப்ளே. அது என்னோடேயே இருக்கட்டும்.

வருகிற சனிக்கிழமை அதே நடிப்பில் என்னைச் சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்கப் போகிறார்களாம். நான் எப்படிக் கேட்டேன் என்று அன்றே எழுதுகிறேன். அதையாவது குறுக்கே பேசாமல் கேள்.