விலாஸின் சம்பந்தத்துக்கு மட்டி எடுக்கப் போனது

கரஞ்சேவாடி
சங்கராந்தி கழிந்த புதன்கிழமை

என் கண்ணு சுலபாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் உன் அம்மா வேண்டிக்கொள்கிறாள். ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்புமுன் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொள், வெறும் டீயோடு ஓடாதே. அம்மா கிணற்றடியில் வழுக்கி மணிக்கட்டை ஒடித்துக்கொண்டதை முன்பே எழுதினேன், மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை, ஆனால் வலி போய்விட்டது, வாய் வழக்கம்போல வேலை செய்கிறது.

தம்பி விஷயம்தான் பெரிய சேதி. விலாஸ் புனேயில் பார்த்துவிட்டு வந்த பெண் அஸ்மிதா, வீட்டைப் பார்த்த பிறகு சொல்கிறேன் என்றிருந்தாள் அல்லவா, அவளும் அப்பா அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். நானும் அம்மாவும் அவர்களில் யாரையும் அதுவரை பார்த்ததில்லை. கழிமுகத்துக்கு வந்துவிட்டு மட்டிச் சிப்பிக் குழம்பு இல்லாமலா என்று பெண்ணின் அப்பா கேட்டாராம். அம்மாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது, போன வருஷம் ஒரு இடம் இந்த வீட்டில் சேற்று வாடை என்று சொல்லித் தட்டிப்போனதை அவள் மறக்கவில்லை. அவள் கையோ மாவுக்கட்டில், மாப்பிள்ளைப் பையன் சேற்றில் இறங்கக் கூடாது, ஆக நான்தான் என்று முடிவாயிற்று. அவர்கள் வருவதற்குள் எடுத்துக்கொண்டு வந்து குளித்துவிட வேண்டும், சேறும் சகதியுமாக அவர்கள் கண்ணில் படக் கூடாது என்று உத்தரவு வேறு.

அமாவாசை வற்றம், விடியும்போதே தண்ணீர் உள்வாங்கிச் சேற்றுத்தரை வெகுதூரம் வெளியே கிடந்தது. பக்கத்து வீட்டு யமுனாவும் மற்றப் பெண்களும் கூடையோடு முன்னே போக நான் பின்னால் போனேன். சேற்றில் சின்னதாக இரட்டை ஓட்டை தெரிந்தால் கீழே மட்டி இருக்கும், மிதித்தால் தண்ணீர் பீச்சும் என்று யமுனா காட்டினாள், எனக்கு வாய்த்ததெல்லாம் நண்டு வளை. பாறையடியில் கொஞ்சம் நத்தை கிடைத்தது, புரட்டின கல்லைத் திருப்பி வைக்கவில்லை என்று அதற்கும் திட்டு. கடைசியில் ஓரிடத்தில் கைநிறைய வரவே, ஆசையில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனேன், வலது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது, அதை இழுக்கப்போய் மற்றதும் இறங்கியது. யமுனா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "என்ன கண்டக்டர் அண்ணே, இறங்கற ஸ்டாப் வந்துடுச்சா?" என்றாள். ஆயுசு முழுக்க பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவனுக்கு இது தேவைதான். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன், ஆனால் ஓடையில் தண்ணீர் திரும்பி ஏறுவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள், கால் அசையவில்லை. பயந்துவிட்டேன், பொய் சொல்லமாட்டேன்.

அந்நேரம் அக்கரையிலிருந்து முதல் படகு வந்தது. வற்றத்தில் அது துறைவரை வராதே, மணல்திட்டில் இறக்கிவிட்டது. இறங்கியவர்களில் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் என்னைப் பார்த்து நின்றாள், பையைப் புருஷனிடம் கொடுத்தாள், புடவையை வரிந்து செருகிக்கொண்டு நேரே சேற்றுக்குள் வந்துவிட்டாள். "இழுக்காதீங்கம்மா, இன்னும் கீழ போயிடுவாரு. அண்ணே, வெக்கப்படாம அப்படியே பின்னால சாஞ்சு உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். அவள் என் காலைச் சுற்றிக் கையால் தோண்டித் தண்ணீர் விட்டு அலசினாள், ஒரு கால் உருவிக்கொண்டு வந்தது, பிறகு மற்றது. அதோடு விட்டாளா, என் கூடையைக் கிளறிப் பாதியை வீசினாள், அதெல்லாம் செத்த ஓடாம், உள்ளே வெறும் சேறு, ஒன்று வெந்தாலும் குழம்பு பாழாம். தண்ணீர் ஏறுவதற்குள் நிரப்பிவிடலாம் என்று அவளே குனிந்து எடுக்க ஆரம்பித்தாள், எடுத்துக்கொண்டே யாருக்கு விருந்து என்று கேட்டாள். புனேயிலிருந்து என் பையனுக்குச் சம்பந்தம் பேச வருகிறார்கள் என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "நாங்கதான்" என்றாள். மத்தியான பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ராத்திரி வண்டியிலேயே அக்கரைக்கு வந்து முதல் படகில் ஏறிவிட்டார்களாம்.

தொடைவரை சேற்றோடு எங்கள் இருவரையும் வாசலில் பார்த்த உன் அம்மா, ஒற்றைக் கையால் தண்ணீர் வாளியை இழுத்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மாள் பெயர் வத்சலா, பிறந்தது தேவ்கட் பக்கம் ஒரு கழிமுகத்தில். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து சேறு, மட்டி என்று வாயைத் திறக்கக் கூடாது என்று மாமியார் கட்டளையாம். காலைக் கழுவிவிட்டு நேரே அடுக்களைக்குள் போனாள், மட்டி தண்ணீரில் ஊறி மணல் கக்கும் வரை அவளும் அம்மாவும் ஊர்க்கதை பேசினார்கள், அப்புறம் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லச் சொல்ல அவள் தேங்காய் அரைத்தாள். கோகம் புளி எத்தனை போடுவது என்று ஒரு சண்டை, அதற்கு ஒரு சிரிப்பு. சாப்பாடு ஆனதும் அஸ்மிதா, யாரும் கேட்காமலே, என்னிடம் வந்து, "எங்கம்மா இப்படிச் சத்தமா சிரிச்சு நான் கேட்டதே இல்ல மாமா. எனக்குச் சம்மதம்" என்றாள். விலாஸ் கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டுவிட்டான்.

வைகாசியில் நாள் பார்க்கிறார்கள், லீவுக்கு இப்போதே எழுதிப்போடு, கடைசி நேரத்தில் கிடைக்கவில்லை என்று சொல்லாதே. பவானி அம்மன் உன் பக்கத்திலேயே இருந்து காப்பாற்றட்டும், நீ நூறு வயது நிறைவாக வாழ வேண்டும். அம்மாவால் எழுத முடியாது, உன்னை உச்சிமுகர்ந்ததாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

உன் அப்பா
சகாராம்