திரும்பி வந்த பதினேழு பைகள்

மார்ச் 9, திங்கள், காலை 11.40. இன்று இதுவரை திரும்பி வந்த மருந்துப் பைகள் பதினேழு.

அன்புள்ள அப்பா,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்?

மாத்திரையை எண்ணிப் பையில் போடும் மெஷினைப் பார்த்துக்கொள்வதுதான் இந்த ஆஸ்பத்திரி மருந்தகத்தில் என் வேலை. யாரும் வாங்காமல் பைகள் திரும்புவதாக அது காட்டியது. சென்சார் கோளாறு என்று இரண்டு நாள் கழற்றி மாட்டினேன். கவுண்டர் அக்காவுக்கு ஒரே சிரிப்பு.

"மெஷினுக்கு இருக்கற அறிவு உனக்கில்லையே தம்பி. போன மாசத்துலேர்ந்து இலவசமா வாங்கிட்டிருந்த வயசானவங்களும் காசு கட்டணும்னுட்டாங்க. விலையைக் கேட்டுட்டு, 'அடுத்த வாரம் வர்றேம்மா'ன்னு போயிடறாங்க."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஸ்க்ரூவைத் திரும்ப முடுக்கினேன். காலமெல்லாம் உழைத்தவர்களிடம் மருந்துக்குக் காசு கேட்பது தப்பு. அவ்வளவுதான்.

அப்பா, நேற்று வீடியோவில் உங்கள் பிரஷர் மாத்திரை அட்டை தெரிந்தது, பாதி மாத்திரை அப்படியே. போன மாதமே தீர்ந்திருக்க வேண்டியது. கேட்டால் "மறந்துட்டேன்டா" என்றீர்கள். என் செருப்பு சைஸைக்கூட மறக்காத ஆள் நீங்கள். நான் அனுப்பும் பணத்தை மிச்சம் பிடிக்க ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறீர்கள்.

அந்த அட்டையை அம்மா போட்டோ எடுத்து அனுப்பட்டும். நீங்கள் இருவரும் அந்தப் போட்டோவில் தெரிந்தாலும் பரவாயில்லை.

மெஷின் கூப்பிடுகிறது. இனி நான் செய்யப்போவது:

1. மருந்துக் கடைக்கு நானே நேராகப் பணம் கட்டுவேன்.
2. தினமும் காலை எட்டுக்கு வீடியோவில் கூப்பிடுவேன். மாத்திரையை என் கண்முன் விழுங்குங்கள்.
3. விழுங்கிய பிறகும் லைனில் இருப்பேன். உடனே வைத்துவிடாதீர்கள்.