தண்ணீர் ஊற்றியதும் தெரிந்த பெயர்

மாதா துணை

ஏரியூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் அந்தோணி பிரகாஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கு முட்டிவலி, உன் தங்கை பிளசிக்கு ஏழாம் மாதம், கால் வீங்குகிறது, மற்றபடி மாதா புண்ணியத்தில் சுகம். மஸ்கட்டில் நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் செபமாலை சொல்கிறேன்.

போனில் சொன்னால் விடும்மா என்று நடுவிலேயே நிறுத்திவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. சனிக்கிழமை தருமபுரியில் இருந்து ஒரு பேராசிரியர் மாணவர்களோடு நம் ராகிக் காட்டுக்கு வந்தார். ஆற்றோரப் பாறையில் கற்கால மனிதர்கள் கொத்திய உருவங்கள் இருக்கிறதாமே, வழி காட்டுங்கம்மா என்றார். நாம் ராகி காயப்போடும் பாறைதான், எனக்கு ஒரே பெருமை. வெயிலில் கோடு தெரியாது, நனைத்தால் பளிச்சென்று தெரியுமென்று நானே ஆற்றில் ஒரு குடம் மொண்டு வந்து ஊற்றினேன். திமில் வைத்த மாடு தெரிந்தது, கைகோத்து நிற்கும் ஆட்கள் தெரிந்தார்கள், மாட்டின் தலை இருக்க வேண்டிய இடத்தில் அந்தோணி பிரகாஷ் 2014 என்று உன் பெயரும் தெரிந்தது. அடப்பாவி, அப்பாவின் உளியை எடுத்துப்போய் மாட்டுத் தலையைக் கொத்தியா பெயர் வெட்டுவாய்!

பேராசிரியருக்கு முகமே மாறிவிட்டது. எத்தனை ஆயிரம் வருஷமா இருந்ததுங்க, யாருங்க இந்த அந்தோணி, போலீஸில் புகார் கொடுக்காமல் விடமாட்டேன் என்றார். உன் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க ஸ்டேஷனில் இருந்து விசாரணைக்கு வருவார்கள் என்று நீ சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. தெரியாதுங்க, எவனோ வெளியூர்க்காரனா இருப்பானுங்க என்று சொல்லிவிட்டேன். கூட நின்ற பக்கத்துக் காட்டு மாதேஸ்வரன், உன்னைச் சின்ன வயசிலிருந்தே தெரிந்தவர், என்னையே பார்த்தார். பெற்ற பிள்ளையை எவனோ என்று சொன்ன வாய்டா இது. இயேசுவைப் பிடித்துக்கொண்டு போனபோது சீடர் இராயப்பரும் அவரைத் தெரியாது என்றுதான் சொன்னார், ஆனால் தான் பெற்றதையா சொன்னார்? ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் நற்கருணை வாங்கப் போனபோது நான் மட்டும் எழுந்து போகவில்லை.

நேற்று அதே உளியை எடுத்துக்கொண்டு போய் உன் பெயரைக் கொத்தி எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு கொத்துகூட முடியவில்லை. அங்கிருந்தே, பேராசிரியர் கொடுத்துவிட்டுப் போன நம்பருக்குப் போன் போட்டு, சார், அது என் மவனுங்க, நான் பொய் சொல்லிப்புட்டனுங்க என்றேன். அதற்கு அவர், புகார் என்ன ஆகுமென்று இப்போது சொல்ல முடியாதும்மா, ஆனால் அந்த மாட்டுத் தலையை யாருமே படம் எடுத்து வைக்கவில்லை, வெட்டுவதற்கு முன்னால் அதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவர் உங்கள் மகன்தான், கொம்பு எப்படி இருந்ததென்று கேட்டுச் சொல்லுங்கள் என்றார். இருபது வருஷம் அதன்மேல் ராகி கொட்டியவள் நான், எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, தெரிந்தால் மஸ்கட்டுக்கே நடந்து வந்து உன்னை அடிப்பார்.

உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், கோபம் வந்தால் என்னைத் திட்டு, ஆனால் வேளாவேளைக்குச் சாப்பிடு. எந்தக் கெடுதலும் அண்டாமல் மாதா உன்னைக் காப்பாற்றட்டும். இதைப் படித்ததும் ஒரு காகிதத்தில் அந்தத் தலையை வரைந்து அனுப்பு. மறந்து போயிருந்தால் மறந்துவிட்டது என்றே எழுது, நீயாக ஒரு கொம்பு வைத்துவிடாதே. நம் வீட்டுக்கு ஒரு பொய் போதும்.

உன்னைப் பெற்றவள்,
வேளாங்கண்ணி